லாக் ஒடுக்கி: ஜெல் சொல்லும் கேடி ஒன்று, புத்தகம் சொல்லும் கேடி ஒன்று

#1 | கேள்விக்குறி

ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் மரபணுக்களை அடக்கி வைக்கும் லாக் ஒடுக்கிப் புரதம், டிஎன்ஏவில் அது உட்காரும் ஓ1 ஆபரேட்டர் என்ற இடத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று ஜெல் ஷிஃப்டில் (புரதம் ஒட்டிய டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக ஓடி மேலே நிற்கும் சோதனை) அளக்கும் விஷயம். நிலவரம் இது.

புரோப் (சாயமிட்ட டிஎன்ஏ துண்டு) 40 பேஸ் ஜோடி, நடுவில் ஓ1, ஒரு முனையில் சை5 சாயம், 1 நானோமோலார். பஃபர்: டிரிஸ் 10 மில்லிமோலார், பிஎச் 7.5, பொட்டாசியம் குளோரைடு 50, டிடிடி 1, கிளிசரால் 5%. மொத்தம் 20 மைக்ரோலிட்டர், அறை வெப்பத்தில் 20 நிமிடம். 6% பாலிஅக்ரிலமைடு ஜெல், 0.5 மடங்கு டிபிஇ (டிரிஸ்–போரேட்–இடிடிஏ) பஃபர்.

புரதம் 0.5 நானோமோலார் போட்டால் புரோபில் பாதி மேலே ஏறிவிடுகிறது. ஆகவே கேடி (பிடிப்பின் இறுக்கத்தைச் சொல்லும் செறிவு; சிறிதானால் இறுக்கம் அதிகம்) 0.5 நானோமோலார். ஆனால் படித்த இடத்திலெல்லாம் 10 பிக்கோமோலார் வரிசையில் சொல்கிறார்கள். 50 மடங்கு வித்தியாசம். புரதத்தில் பெரும்பகுதி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இதை ஒட்டி இன்னொரு சந்தேகம். செல்லுக்குப் பத்துப் பிரதிதான் இருக்கிறது என்கிறார்கள். 46 லட்சம் பேஸ் ஜோடிக்குள் 21 ஜோடி உள்ள ஓர் இடத்தை அந்தப் பத்தும் எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

#2 | ஜெல்லடுக்கு

புரதத்தை அப்புறம் சந்தேகப்படுவோம். முதலில் புரோபைப் பாருங்கள்.

கேடி என்றால் (போலீஸ் பட்டியல் கேடி இல்லை, ஆனால் ஏமாற்றுவதில் அவனுக்குச் சளைத்ததும் இல்லை) ஆபரேட்டரில் பாதி நிரம்பியிருக்கும்போது எதிலும் ஒட்டாமல் மிதக்கும் புரதத்தின் செறிவு. நீங்கள் கிடையச்சில் வைத்தது குழாயில் போட்ட மொத்தப் புரதம். ஒட்டியதால் புரதம் குறைவது கண்டுகொள்ள வேண்டாத அளவாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்குப் புரோப் கேடியைவிடப் பத்து மடங்காவது குறைவாக இருக்க வேண்டும். உங்களிடம் நூறு மடங்கு அதிகம்.

கணக்கு நேராகவே வரும். புரோப் 1 நானோமோலார். பாதி நிரம்ப 0.5 நானோமோலார் புரதம் அதிலேயே போய்விடும். அதற்கு மேல் மிதப்பதற்கு ஒரு கேடி அளவு, 0.01. கூட்டினால் 0.51. உண்மையான கேடி 10 பிக்கோமோலார் என்றாலும் 1 பிக்கோமோலார் என்றாலும் உங்கள் ஜெல் 0.5-தான் காட்டும். அது அளந்தது புரோபின் பாதியை.

வளைவின் வடிவத்தையும் பாருங்கள். ஒழுங்கான பிணைப்பு வளைவு 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற 81 மடங்கு புரதம் கேட்கும். உங்களுடையது நேர்கோடாக ஏறி 1 நானோமோலார் பக்கம் சட்டென்று மட்டமாகியிருக்குமே?

#3 | கேள்விக்குறி

அப்படியேதான். 1-க்கு அருகில் மடங்கி நிற்கிறது. அதைக் கூட்டுறவுப் பிணைப்பு (ஒன்று ஒட்டியதும் அடுத்தது எளிதாக ஒட்டுவது) என்று நினைத்திருந்தேன்.

#4 | உப்புக்கல்

20 நிமிடமும் தப்பு. சமநிலையே வந்திருக்காது. சேரும் வேகம் மோலாருக்கு நொடிக்கு 10 கோடி என்று வைத்தால், 10 பிக்கோமோலார் கேடிக்கு விலகும் வேகம் நொடிக்கு 0.001. அரை ஆயுள் 693 நொடி, ஏறக்குறைய பதினொன்றரை நிமிடம். ஐந்து அரை ஆயுள் காத்திருந்தால்தான் சமநிலை என்று சொல்லலாம். அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

#5 | ஜெல்லடுக்கு

உப்புக்கல் அண்ணே, கணக்கு சரி, இடம் தப்பு. விலகும் வேகம் மட்டும் சமநிலையை முடிவு செய்வது புரதம் மிகக் குறைவாக இருக்கும்போது. இவரிடம் புரதம் 0.5 நானோமோலார். சேரும் வேகத்தோடு பெருக்கினால் நொடிக்கு 0.05, பதினான்கு நொடியில் பாதி. இந்தச் சோதனைக்கு 20 நிமிடம் தாராளம்.

நீங்கள் சொல்லும் ஒரு மணி நேரம் எப்போது கடிக்கும் என்றால், இவர் திருந்திப் புரோபை 1 பிக்கோமோலாருக்கு இறக்கும்போது. எல்லாரும் செறிவை மாற்றுவார்கள், பழைய குறிப்பில் இருக்கும் 20 நிமிடத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். புரதம் குறைந்த குழாய்கள்தான் கடைசியாகச் சமநிலைக்கு வரும். வளைவின் கீழ்ப்பகுதி மட்டும் சரிந்து கேடி பெரிதாகத் தெரியும். ஒரே வரிசையை 20, 60, 120 நிமிடம் என்று மூன்று தடவை வைத்துப் பாருங்கள். வளைவு நகராத நேரம்தான் சரியான நேரம்.

#6 | உப்புக்கல்

ஒப்புக்கொள்கிறேன். குறைந்த செறிவுக்கான நேரத்தை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டேன்.

பெயருக்கேற்ற விஷயத்துக்கு வருகிறேன். பஃபரின் உப்பைச் சொல்லாமல் கேடியைச் சொல்வது, ஊரைச் சொல்லாமல் தெருப்பெயரை மட்டும் சொல்வது மாதிரி. டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்கப் பாஸ்பேட், எதிர்மின்னூட்டம். அதைச் சுற்றிப் பொட்டாசியம் அயனிகள் மொய்த்துக் கிடக்கும். புரதத்தின் லைசினும் ஆர்ஜினினும் வந்து ஒட்டும்போது அந்த அயனிகள் கரைசலுக்குள் கிளம்பிப் போகின்றன. பிணைப்பின் ஆற்றலில் பெரும்பங்கு அந்த விடுதலையில் கிடைப்பது. கரைசலில் ஏற்கெனவே உப்பு நிறைய இருந்தால் அந்த ஆதாயம் குறையும். ஒட்டும்போது எட்டு அயனி வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பை 50-லிருந்து 150 மில்லிமோலார் ஆக்கினால் 3-ஐ எட்டுத் தடவை பெருக்க வேண்டும். பிணைப்பு 6,561 மடங்கு தளரும். ஒரே புரதம், ஒரே டிஎன்ஏ.

எந்த உப்பு என்பதும் முக்கியம். குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் குளூட்டமேட் போட்டால் பிணைப்பு கணிசமாக இறுகும். ஈ.கோலைக்குள் எதிர்மின் அயனியாக நிறைய இருப்பது குளூட்டமேட்டுதான், குளோரைடு இல்லை. ஆகவே குளோரைடு பஃபரில் எடுத்த எண்ணை அப்படியே செல்லுக்குள் தூக்கிப்போகக் கூடாது.

#7 | புதுமுகம்

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புரதம் எழுத்துகளைப் படிக்க வேண்டுமானால் இரட்டைச் சுருள் முதலில் பிரிய வேண்டாமா? பேஸ்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டல்லவா இருக்கின்றன? ஒடுக்கி இழையைத் திறந்து படித்து மறுபடி மூடுகிறதா?

#8 | பெரும்பள்ளம்

திறப்பதில்லை. பேஸ்களின் முகம் உள்ளே இருக்கிறது, விளிம்பு வெளியே தெரிகிறது. அலமாரியில் அடுக்கிய புத்தகத்தை உருவாமலே முதுகைப் பார்த்துப் பெயர் தெரிந்துகொள்கிறோமே, அதுபோல.

சுருளில் இரண்டு பள்ளங்கள்: பெரும்பள்ளம் சுமார் 22 ஆங்ஸ்ட்ராம் அகலம், சிறுபள்ளம் 12. ஓர் ஆல்பா சுருளை உள்ளே வைக்கப் பெரும்பள்ளம் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே ஒவ்வொரு ஜோடியும் நான்கு புள்ளிகளைக் காட்டும். அடினின் பக்கத்திலிருந்து ஏ–டி ஜோடியைப் பார்த்தால்: ஹைட்ரஜனை வாங்கும் இடம், கொடுக்கும் இடம், வாங்கும் இடம், கடைசியில் தைமினின் மெத்தில். குவானின் பக்கத்திலிருந்து ஜி–சி ஜோடி: வாங்கும் இடம், வாங்கும் இடம், கொடுக்கும் இடம், வெறும் ஹைட்ரஜன். திருப்பி வைத்தால் வரிசையும் திரும்பும். ஆக நான்கு ஜோடிக்கும் நான்கு வெவ்வேறு வரிசை, குழப்பமே இல்லை. சிறுபள்ளத்தில் மூன்று புள்ளிதான்: ஏ–டியில் வாங்கும், ஹைட்ரஜன், வாங்கும், ஜி–சியில் வாங்கும், கொடுக்கும், வாங்கும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி. அதனால் அங்கே ஏ–டியா டி–ஏவா என்று பிரித்தறிய முடியாது. இதை சீமன், ரோசன்பெர்க், ரிச் மூவரும் 1976-லேயே எழுதிவிட்டார்கள்.

அதற்காகச் சிறுபள்ளம் வீண் என்றில்லை. மரபணுத் தொடக்கத்துக்கு அருகில் உள்ள டாட்டா பெட்டி என்ற இடத்தில் உட்காரும் டிபிபி புரதம் சிறுபள்ளத்தில்தான் ஒட்டி டிஎன்ஏவை ஏறக்குறைய 80 டிகிரி மடக்குகிறது. லாக் ஒடுக்கியே இரண்டு பள்ளத்தையும் பயன்படுத்துகிறது. தலைப்பகுதியின் சுருள்–திருப்பம்–சுருள் பெரும்பள்ளத்தில் இறங்கும். தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள கீல் துண்டு ஆபரேட்டரின் மையத்தில் சிறுபள்ளத்துக்குள் போய், 56-ஆம் இடத்து லூசினை ஆப்பு மாதிரி சொருகி டிஎன்ஏவைச் சுமார் 40 டிகிரி வளைக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கீல் துண்டு சரியான ஆபரேட்டரில் உட்காரும்போதுதான் சுருளாகவே மாறுகிறது. வேறு டிஎன்ஏவில் தளர்ந்த நூலாகக் கிடக்கும். தவறான இடத்தில் இறுகிவிடாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஓ1-ஐ எழுத்தெழுத்தாகப் பார்க்கலாம்:

ஏஏடிடிஜிடிஜிஏஜிசி – ஜி – ஜிஏடிஏஏசிஏஏடிடி

நடு ஜி-யை விட்டுவிட்டு வலப்பாதியை எதிர் இழையில் வாசியுங்கள்: ஏஏடிடிஜிடிடிஏடிசி. இடப்பாதியோடு ஒப்பிட்டால் பத்தில் எட்டு அப்படியே பொருந்தும். ஏழாவதும் ஒன்பதாவதும் மட்டும் ஜி-க்குப் பதில் டி. ஒடுக்கியின் இரண்டு தலைகளும் ஒன்றை 180 டிகிரி திருப்பி வைத்தால் மற்றொன்று என்ற மாதிரி உட்காருவதால்தான் டிஎன்ஏவிலும் இந்தச் சமச்சீர். இடப்பாதியை இரண்டு பக்கமும் வைத்து, நடு ஜோடியை எடுத்துவிட்டுச் செய்த 20 ஜோடி ஆபரேட்டர் இயற்கையானதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். பரிணாமம் மிகச் சிறந்த பூட்டைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். திறக்கவும் வேண்டுமே.

#9 | துத்தநாக_விரல்

சமச்சீர் என்றவுடன் ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி ஆலிகோவில் (செயற்கையாகச் செய்த குட்டை டிஎன்ஏ இழை) ஒற்றை இழையே தன்மேல் மடிந்து கொண்டை ஊசி ஆகிவிடும். நானோமோலார் செறிவில் சூடாக்கி ஆறவிட்டால் துணை இழை வந்து சேருவதற்குள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மடிந்துகொள்ளும். 10 மைக்ரோமோலாரில் இணையுங்கள்: டிரிஸ் 10, சோடியம் குளோரைடு 50 மில்லிமோலார், சாயம் இல்லாத இழை 1.1 மடங்கு, 95 டிகிரி 5 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 25 வரை. அதன்பின் நீர்க்கச் செய்யுங்கள். புரதம் இல்லாத லேனில் இரண்டு பேண்ட் தெரிந்தால் கீழே ஓடுவது கொண்டை ஊசி. அதை வைத்துக்கொண்டு சதவீதம் கணக்கிட்டால் வளைவு 100-ஐத் தொடவே தொடாது. பழி புரதத்தின் மேல் விழும்.

#10 | ஜெல்லடுக்கு

கேள்விக்குறி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். 0.5 நானோமோலார் என்பது எதன் செறிவு? ஒற்றைச் சங்கிலியா, நான்கு சேர்ந்த டெட்ராமரா?

#11 | கேள்விக்குறி

டெட்ராமர். 280 நானோமீட்டர் உறிஞ்சலில் வந்த எண்ணை நான்கால் வகுத்தது.

#12 | ஜெல்லடுக்கு

அப்படியானால் நீங்கள் முதலில் சந்தேகப்பட்டதில் பாதி சரி!

ஒடுக்கி ஒரு சங்கிலி 360 அமினோ அமிலம், சுமார் 38.6 கிலோடால்டன். நான்கு சேர்ந்து ஒரு டெட்ராமர். இரண்டு தலை சேர்ந்து ஓர் ஆபரேட்டரைப் பிடிக்கும். ஆக ஒரு டெட்ராமருக்கு இரண்டு பிடி. 0.5 நானோமோலார் டெட்ராமர் என்றால் 1 நானோமோலார் பிடி. பாதி நிரம்ப 0.51 போதும் என்று பார்த்தோம். உங்களுக்கு 1 தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே புரதத்தில் சுமார் 51 சதவீதம்தான் வேலை செய்கிறது. ஒற்றைச் சங்கிலி என்று சொல்லியிருந்தால் பிடி 0.25-தான் இருந்திருக்கும், அதை வைத்து 0.5 நானோமோலார் புரோபைப் பிடிக்கவே முடியாது, எங்கோ பைப்பெட் பிழை என்று சொல்லியிருப்பேன்.

உங்கள் சோதனை கேடிக்கு உதவாது, ஆனால் உயிருள்ள புரதம் எவ்வளவு என்று எண்ணுவதற்கு அதுதான் சரியான சோதனை. இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் சாயமில்லாத புரோபையும் கலந்து 50 நானோமோலாருக்கு ஏற்றி, புரதத்தை 5-லிருந்து 100 வரை போடுங்கள். ஏறும் கோடும் மட்டக் கோடும் வெட்டும் இடம்தான் எண்ணிக்கை. புரோப் நிறைய இருக்கும்போது ஒரே டெட்ராமர் இரண்டு புரோபைப் பிடித்து இன்னும் மேலே ஒரு பேண்ட் காட்டலாம். அதை அழுக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

#13 | பெரும்பள்ளம்

தேடல் கேள்விக்கு யாரும் வரவில்லையே.

1970-ல் ரிக்ஸ், புர்ஷ்வா, கோன் மூவரும் ஒடுக்கி ஆபரேட்டரைச் சேரும் வேகத்தை அளந்தார்கள். குறைந்த உப்பில் மோலாருக்கு நொடிக்கு 700 கோடி வந்தது. ஒரு புரதம் கரைசலில் தற்செயலாக அலைந்து மோதினால் எதிர்பார்க்கக்கூடியதைவிட இது மிக அதிகம். பதில், அது 21 ஜோடி இலக்கைத் தேடவில்லை என்பதுதான். டிஎன்ஏ கயிற்றில் எங்கேயாவது விழுந்து, கயிற்றோடு வழுக்கி, விழுந்து, மறுபடி வேறிடத்தில் ஏறுகிறது. பெர்க், வின்டர், வான் ஹிப்பெல் 1981-ல் இதைக் கணக்காக்கினார்கள். 2007-ல் எல்ஃப், லீ, ஷீ ஆகியோர் உயிருள்ள ஈ.கோலைக்குள்ளேயே ஒற்றை மூலக்கூறைப் பார்த்தார்கள்: நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ஒடுக்கி ஏதோ ஒரு டிஎன்ஏவில்தான் தளர்வாக ஒட்டிக் கிடக்கிறது, ஒவ்வொரு தடவையும் 5 மில்லிநொடிக்கும் குறைவாக. ஒரு வழுக்கலில் கடக்கும் தூரம் சுமார் 45 ஜோடி என்று 2012-ல் அளந்தார்கள்.

பெருக்கிப் பாருங்கள். 46 லட்சத்தை 45-ஆல் வகுத்தால் சுமார் ஒரு லட்சத்து இரண்டாயிரம் வழுக்கல். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 5 மில்லிநொடி என்றால் 510 நொடி. அதாவது ஒற்றை ஒடுக்கி தனியாகத் தேடினாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து தேடினால் இன்னும் சீக்கிரம். அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: ஆபரேட்டரின் மேலேயே வழுக்கிப் போனாலும் முதல் தடவையிலேயே பிடித்துவிடுவதில்லை, பலமுறை கடந்து போகிறது. வேகமாகப் போனால் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

#14 | உப்புக்கல்

இந்த இழையில் எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். செல்லுக்குள் 10 பிக்கோமோலார் என்ற எண்ணுக்கு நேரடி வேலை கிடையாது. ஈ.கோலை சுமார் ஒரு ஃபெம்டோலிட்டர். அதில் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தாலே 1.7 நானோமோலார். கேடி 10 பிக்கோமோலார் என்று பார்த்தால் ஒற்றை ஒடுக்கியே ஆபரேட்டரை 99 சதவீதத்துக்கு மேல் அடைத்துவிட வேண்டும். நடப்பது அதுவல்ல, மீதி 46 லட்சம் ஜோடியும் அதே ஒடுக்கியைத் தம் பக்கம் இழுக்கின்றன.

அளந்த எண்ணிலிருந்தே வருவோம். ஓ1 மட்டும் இருந்து, துணை ஆபரேட்டர்கள் ஓ2, ஓ3 இரண்டையும் அழித்தால் ஒடுக்கம் சுமார் 18 மடங்கு. அதாவது ஆபரேட்டர் திறந்திருக்கும் நேரம் பதினெட்டில் ஒரு பங்கு. மூடிய நேரத்துக்கும் திறந்த நேரத்துக்கும் விகிதம் 17. பத்து டெட்ராமர், இருபது பிடி. இருபதை 46 லட்சத்தால் வகுத்து, ஓ1-க்கும் சாதாரண டிஎன்ஏவுக்கும் உள்ள பிடிப்பு விகிதத்தால் பெருக்கினால் 17 வர வேண்டும். விகிதம் சுமார் 39 லட்சம். அதன் இயல் மடக்கை, அதாவது வெப்ப ஆற்றல் அலகில் பிடிப்பின் வித்தியாசம், 15. செல் பார்ப்பது இந்த விகிதத்தை. உப்பு மாறினால் இரண்டு பிடிப்பும் சேர்ந்தே தளர்கின்றன. ஆகவே குழாயில் ஆயிரக்கணக்கான மடங்கு ஆடும் கேடி, செல்லுக்குள் அந்த அளவு ஆட்டம் காட்டுவதில்லை. பிடிப்பு வலுவை மட்டும் கூட்டினால் ஒரு பயனும் இல்லை. ஒரு புரதத்தை எல்லா டிஎன்ஏவிலும் நூறு மடங்கு இறுக்கமாக ஒட்ட வைத்தால் அது தேடுவதை நிறுத்திவிட்டு விழுந்த இடத்திலேயே குடியேறிவிடும்.

#15 | பெரும்பள்ளம்

அருமை. ஓ2, ஓ3 இருக்கும்போது ஒடுக்கம் 1,300 மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990-ல் முல்லர்-ஹில் குழு அளந்தது. ஒன்றை மட்டும் அழித்தால் இரண்டு மூன்று மடங்குதான் குறையும்; இரண்டையும் அழித்தால் 70 மடங்கு விழும். ஓ3 92 ஜோடி முன்னால், ஓ2 401 ஜோடி பின்னால். டெட்ராமரின் ஒரு பிடி ஓ3-இல் மாட்டியிருந்தால் மறு பிடி ஓ1-ஐ விட்டாலும் தூரம் போக முடியாது. முளையில் கட்டிய மாடு முளையைச் சுற்றித்தானே மேயும். நடுவில் டிஎன்ஏ வளையமாக வளையும். இரண்டு ஆபரேட்டரும் சுருளின் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒடுக்கம் ஏறக்குறைய 11 ஜோடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும்.

கட்டுப்பாடு நடப்பது எப்படி என்றால், ஓ1 படியெடுத்தல் தொடங்கும் இடத்தின் மேலேயே கிடக்கிறது, தொடங்கும் எழுத்தை +1 என்று எண்ணினால் மையம் +11. ஒடுக்கி உட்கார்ந்தால் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸுக்கு இடமில்லை. லாக்டோஸிலிருந்து வரும் அல்லோலாக்டோஸோ அதன் செயற்கை மாற்றான ஐபிடிஜியோ உடல் பகுதியில் ஒட்டியதும் இரண்டு தலையின் இடைவெளி மாறி ஆபரேட்டர் பிடிப்பு சுமார் ஆயிரம் மடங்கு தளரும். சாதாரண டிஎன்ஏ பிடிப்பு பெரிதாக மாறாது. மறுபடி பாருங்கள், மாறியது விகிதம்தான். மரபணுவைத் தூண்டும் கேப் புரதம் இதற்கு நேரெதிர்: −61.5-இல் உட்கார்ந்து டிஎன்ஏவை மடக்கி, பாலிமரேஸின் ஆல்பா துணை அலகைத் தொட்டுக் கூப்பிடும்.

#16 | புதுமுகம்

இதெல்லாம் பாக்டீரியா. மனிதச் செல்லில் 320 கோடி ஜோடி. அங்கேயும் இந்தக் கணக்கு செல்லுமா?

#17 | துத்தநாக_விரல்

அப்படியே செல்லாது. கார்ட்டிசோல் ஹார்மோன் ஒட்டியதும் டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களை இயக்கும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தேடுவது ஏஜிஏஏசிஏ, பிறகு எந்த மூன்று எழுத்தும், பிறகு டிஜிடிடிசிடி. முடிவு செய்யப்பட்டவை 12 எழுத்து. நான்கை 12 தடவை பெருக்கினால் 1 கோடியே 68 லட்சம். 320 கோடியில் தற்செயலாகவே சுமார் 190 இடத்தில் துல்லியமாகப் பொருந்தும். பாதி மட்டும், ஆறு எழுத்து, பொருந்தினால் ஓர் இழைக்கு ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல். உண்மையில் அது உட்காருவது ஆயிரக்கணக்கான இடங்களில். ஆக, துல்லியமான பொருத்தம் தேவையுமில்லை, பாதிப் பொருத்தம் போதவும் இல்லை. எழுத்தைத் தவிர வேறு ஏதோ தேர்வு செய்கிறது.

முதல் தேர்வு நியூக்ளியோசோம். 147 ஜோடி டிஎன்ஏ ஹிஸ்டோன் புரத உருளையைச் சுமார் 1.65 சுற்று சுற்றியிருக்கிறது. பள்ளத்தின் பாதிப் பக்கம் உருளையை ஒட்டி மறைந்துவிடும். எலியின் மார்பகச் செல் வரிசை ஒன்றில் 2011-ல் பார்த்தபோது, இந்த ஏற்பி புதிதாக உட்கார்ந்த இடங்களில் 95 சதவீதம் வரை ஹார்மோன் கொடுப்பதற்கு முன்பே திறந்து கிடந்தவை. கல்லீரலில் ஒரு மரபணுவையும் நுரையீரலில் வேறொன்றையும் அது இயக்குவதற்குக் காரணம் இதுதான்: எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை வேறு யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள். ஃபாக்ஸ்ஏ மாதிரி முன்னோடிக் காரணிகள் மூடிய நியூக்ளியோசோமிலேயே ஒட்டக்கூடியவை.

எழுத்து முக்கியமில்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தேடுவது ஏஜிஜிடிசிஏ, பாதிக்கு இரண்டு எழுத்துதான் வித்தியாசம். 1989-ல் செய்த சோதனைகளில், முதல் துத்தநாக விரலின் (துத்தநாக அயனி பிடித்து மடக்கி வைத்திருக்கும் புரதத் துண்டு) அடியில் உள்ள மூன்று அமினோ அமிலத்தை மாற்றியதும் ஒன்று மற்றொன்றின் இடத்துக்குப் போனது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் குளூட்டமிக் அமிலம், கிளைசின், அலனின் இருக்கும் இடத்தில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியில் கிளைசின், செரின், வேலின்.

#18 | கேள்விக்குறி

விரல் என்றதும்: டிபிஇ-யில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ இருக்கிறதே, துத்தநாகத்தை உருவிவிடாதா?

#19 | துத்தநாக_விரல்

0.5 மடங்கில் 1 மில்லிமோலார் இடிடிஏ இருக்கும். மடிந்த விரல் துத்தநாகத்தை இறுக்கமாகப் பிடித்திருப்பதால் ஒரு மணி நேர ஓட்டத்தைப் பல புரதங்கள் தாங்கும். நம்பி இருக்க வேண்டாம். இடிடிஏ இல்லாத டிரிஸ்–போரேட்டில் ஓட்டுங்கள், பிணைப்புப் பஃபரில் துத்தநாக குளோரைடு 10 மைக்ரோமோலார் போடுங்கள். டிடிடி புதியதாக இருக்கட்டும்; சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் ஆனால் துத்தநாகம் தங்காது.

போட்டி டிஎன்ஏவாகப் போடும் பாலி டிஐ-டிசி பற்றியும் ஒரு வார்த்தை. அணுக்கருச் சாறு போட்டால் மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராம் வேண்டும், இல்லாவிட்டால் கிணற்றிலேயே எல்லாம் ஒட்டி நிற்கும். சுத்தப் புரதத்துக்குப் போட்டால் அளவையே கெடுத்துவிடும். சிறுபள்ளத்தில் ஒட்டும் புரதத்துக்கு எப்போதுமே கூடாது. அங்கிருந்து பார்த்தால் ஐ–சி (இனோசின்–சைட்டோசின்) ஜோடி ஏ–டி மாதிரியே தெரியும், போட்டி டிஎன்ஏவே நிஜ இலக்காகிவிடும். அதற்குப் பாலி டிஜி-டிசி.

#20 | புதுமுகம்

சிப் (காரணியை டிஎன்ஏவோடு பிணைத்து, எதிர்ப்புரதத்தால் இழுத்து, அது ஒட்டியிருந்த இடங்களைப் பார்க்கும் சோதனை) செய்து சிகரம் வந்தால் அங்கே காரணி உட்கார்ந்து மரபணுவை இயக்குகிறது என்று எழுதிவிடலாமா?

#21 | துத்தநாக_விரல்

இரண்டும் தனித்தனிக் கேள்வி. இரண்டுக்கும் பதில் "பொறுங்கள்".

உட்கார்ந்திருக்கிறதா? வழக்கமான அளவு: ஒரு கோடி செல், 1% ஃபார்மால்டிஹைடு, அறை வெப்பத்தில் 10 நிமிடம். 10 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 37% கரைசல் 270 மைக்ரோலிட்டர். கிளைசின் 125 மில்லிமோலார், 5 நிமிடம். ஒலியலையில் 200 முதல் 500 ஜோடித் துண்டாக உடைத்து, எதிர்ப்புரதம் 2 முதல் 5 மைக்ரோகிராம், 4 டிகிரியில் இரவு முழுக்க. மறுநாள் கழுவி, 65 டிகிரியில் பிணைப்பை அவிழ்த்து, புரோட்டினேஸ் கே. கெடும் இடங்கள்: டிரிஸ் உள்ள பஃபரில் நிலைநிறுத்தினால் அதன் அமீனே ஃபார்மால்டிஹைடைத் தின்றுவிடும். 10 நிமிடத்தை 30 ஆக்கினால் துண்டாக உடையாது, எதிர்ப்புரதம் பிடிக்க வேண்டிய இடமும் மூடிவிடும். இந்த ஏற்பிக்குக் குறிப்பாக இன்னொன்று: சாதாரண சீரத்தில் கார்ட்டிசோல் இருக்கிறது. கரித்தூளில் வடித்த சீரத்தில் வளர்க்காமல் டெக்ஸாமெத்தசோன் (இந்த ஏற்பியை இயக்கும் செயற்கை ஹார்மோன்) கொடுத்தால் "கொடுக்காத" தட்டிலேயே பாதிச் சிகரம் முளைத்திருக்கும்.

அதிகமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் எந்த எதிர்ப்புரதத்துக்கும் சிகரம் காட்டும் குணமுடையவை. 2013-ல் ஈஸ்ட்டில், டிஎன்ஏவோடு ஒட்டும் வேலையே இல்லாத பச்சை ஒளிர் புரதத்தை வைத்துப் பார்த்தபோதும் அங்கே சிகரம் வந்தது. உடைத்த உள்ளீட்டு டிஎன்ஏ மட்டும் ஒப்பீட்டுக்குப் போதாது. காரணியே இல்லாத செல்லில் அதே எதிர்ப்புரதத்தைப் போட்டுப் பாருங்கள்.

இயக்குகிறதா? அதைச் சிப் சொல்லாது. ஒட்டும் எழுத்துகளில் இரண்டை மாற்றி மரபணுவின் ஆர்என்ஏ குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

#22 | பெரும்பள்ளம்

கடைசி வரியில் சின்ன மாறுபாடு. உட்கார்ந்த இடங்களில் பெரும்பாலானவை வேலை செய்யாதவை என்று சிலர் இதிலிருந்து தாவிவிடுகிறார்கள். ஒரு மரபணுவுக்கு மூன்று ஊக்கி (மரபணுவைத் தூண்டும் டிஎன்ஏ துண்டு) இருந்தால் ஒன்றைக் கெடுத்தாலும் ஆர்என்ஏ குறையாமல் இருக்கலாம். லாக்கிலேயே ஓ2-ஐ மட்டும் கெடுத்தால் ஒடுக்கம் 1,300-லிருந்து குறைந்தாலும் நூற்றுக்கணக்கில் நிற்கிறது. அதைப் பார்த்து "ஓ2 உபயோகமில்லை" என்று எழுதியிருந்தால்?

#23 | துத்தநாக_விரல்

நியாயம். இரண்டையும் சேர்த்துக் கெடுத்துப் பார்க்கும்வரை வாயை மூடிக்கொள்வது நல்லது.

#24 | கேள்விக்குறி

அடுத்த சோதனைக்கான திட்டம்: புரோப் 1 பிக்கோமோலார், புரதம் 1 முதல் 300 பிக்கோமோலார், ஒரு மணி நேரம், அதே ஜெல், அதே சை5. சரியா?

#25 | ஜெல்லடுக்கு

சை5 தெரியாது. 20 மைக்ரோலிட்டரில் 1 பிக்கோமோலார் என்றால் 20 ஆட்டோமோல். ஸ்கேனர் வெறும் ஜெல்லைத்தான் காட்டும். இரண்டு வழி.

ஒன்று, ரிக்ஸ் செய்ததுபோல நைட்ரோசெல்லுலோஸ் வடிதாள். பாஸ்பரஸ்-32 குறியிட்ட புரோப், குழாய்க்கு 1 மில்லிலிட்டர். அதில் 1 ஃபெம்டோமோல் இருக்கும். மில்லிமோலுக்கு 6,000 கியூரி உள்ள ஏடிபியில் குறியிட்டிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 13,000 சிதைவு, எண்ணுவதற்குத் தாராளம். புரதம் ஒட்டிய டிஎன்ஏ தாளில் நிற்கும், சும்மா இருக்கும் இரட்டை இழை ஓடிவிடும். ஒற்றை இழையும் தாளில் ஒட்டும் என்பதால் புரோபை ஜெல்லில் ஓட்டி இரட்டை இழையை மட்டும் வெட்டியெடுங்கள். உச்சம் 100 சதவீதம் வராது. வரும் உச்சத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நீர்த்த புரதம் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும். மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (சுவரை மூடிவிடும் மாட்டுச் சீரப் புரதம்), ஒட்டாத வகைக் குழாய்.

இரண்டு, கதிரியக்கம் வேண்டாம் என்றால் உப்பை ஏற்றுங்கள். கேடி நானோமோலார் பக்கம் வரும் உப்பில், சை5 புரோப் 0.1 நானோமோலாரில் வைத்து, மூன்று நான்கு உப்பு அளவில் எடுத்து, மடக்கை–மடக்கை வரைபடத்தில் நேர்கோடு போட்டு 50-க்கு நீட்டுங்கள். அந்தக் கோட்டின் சரிவு எத்தனை அயனி வெளியேறுகிறது என்றும் சொல்லிவிடும். பிரோமோஃபீனால் நீலத்தை மாதிரிகளில் கலக்காமல் ஓரத்து லேனில் மட்டும் விடுங்கள். ஜெல்லை 4 டிகிரியில் 100 வோல்ட்டில் அரை மணி நேரம் முன்னோட்டம் விட்டு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றுங்கள், கையுறையோடு. கிணற்றில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கட்டு அவிழ்ந்துகொண்டே இருக்கும்.

#26 | உப்புக்கல்

இரண்டாவது வழியில் எல்லா உப்பு அளவிலும் காத்திருக்கும் நேரம் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. 200 மில்லிமோலாரில் 15 நிமிடம் போதும், 100-க்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

#27 | கேள்விக்குறி

இரண்டாவது வழிதான். உப்பு 120, 150, 180, 220 என்று நான்கு. ஒவ்வொன்றிலும் முதலில் நேரச் சோதனை. அதற்கு முன்னால் 50 நானோமோலார் புரோபில் உயிருள்ள பிடி எண்ணிக்கை. அந்த 51 சதவீதம் அங்கேயும் வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.